பதினாலரை அடி

முதலில் மணம்தான் பிரச்சினை.
பதினொரு வருஷம் குருநகர் இறங்குதுறையிலிருந்து
பேலியகொடைக்கு ஐஸும் மீனும் சுமந்த லொறி.
தேசிக்காய் போட்டுத் தேய்த்தோம், உப்புப் போட்டோம்,
கோப்பித்தூள் தூவினோம், வேப்பிலைப் புகை பிடித்தோம்,
போன கிழமை ஒரு முழுப் போத்தல் டெற்றோல்.
தகரம் எல்லாவற்றையும் குடித்துவிட்டு
வெயிலேறியதும் மெல்ல
ஒரு பாரைக்குட்டியை நினைத்துக்கொள்ளும்.

நிக்சன் வெல்டர்.
அளவுநாடா மாதிரித்தான் கதையும்:
இழுத்தால் வரும், விட்டால் சடாரென்று உள்ளே போய்விடும்.
முற்றத்துச் சிமெந்தில் சோக்கால் லொறியைக் கீறி
"படுங்கோ" என்றார்.
நாலு பேரும் படுத்தோம்.
ஆரோனின் கால் கோட்டைத் தாண்டிக்
குசினிக்குள் நீட்டிக்கொண்டு கிடந்தது.
"வளருற பிள்ளை, கோட்டைக் கொஞ்சம் தள்ளுங்கோவன்."
"கோட்டைத் தள்ளினால் லொறியையும் தள்ள வேணும்."

பிறகு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று.
மேசை இரவில் கட்டில்.
கட்டிலுக்குக் கீழே அரிசி, அரிசிக்குப் பக்கத்தில் பற்றரி,
பற்றரிக்கு மேலே டிலானியின் வயலின்
(வேண்டாமென்று சொன்னோம்;
அவளும் கேட்கவில்லை, வயலினும் கேட்கவில்லை).
கக்கூசு எங்கே என்று கேட்காத அயலில்லை.
இருக்குது என்று மட்டும் சொல்லப் பழகினேன்.

ஜன்னலுக்குத் தகரம் வெட்டிய பின்னேரம்
பொறி பறந்து அடங்க,
ஒரு சதுர வெளிச்சம் உள்ளே விழுந்தது.
அடித்தட்டின் பொருத்துகளில்
பதினொரு வருஷத்துச் செதில்கள் மினுங்கின.
யாரும் பேசவில்லை.
நாளைக்கு அதற்கு மேல் பிளைவூட் வரும்.
டிலானி ஒன்றை நகத்தால் கிளப்பிக்
கணிதக் கொப்பிக்குள் வைத்தாள்.

கச்சேரியில் ஒரு படிவம்.
'ஏற்றப்படும் பொருள்' என்றொரு கட்டம்.
பேனையைப் பிடித்தபடி நிக்சன் கனநேரம் நின்றார்.
எழுதுவினைஞர் எட்டிப் பார்த்து,
"வீட்டுச் சாமான் எண்டு போடுங்கோ அண்ணை."
வரிசையில் பின்னால் ஆரோ சிரித்தார்கள்,
பிறகு சிரிக்கவில்லை.

ஒரு வருஷம்.
திருகோணமலை, பொத்துவில், பிறகு மலை,
பிறகு றோட்டு எங்கே விடுகிறதோ அங்கே.
கடைக்கார றொபின்சன் கேட்டார்:
"இப்ப ஆர் துரத்துறது?"
பகிடிதான்.
இருந்தும் மிச்சக் காசை எண்ணாமல் வந்துவிட்டேன்.

கடைசி இரவு, என் கை தன்பாட்டில் அலுமாரிக்குப் போனது.
காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், தடுப்பூசி அட்டைகள்,
ஷொப்பிங் பைக்குள் இன்னொரு ஷொப்பிங் பை,
அதற்கு மேல் இரட்டை முடிச்சு.
தொண்ணூற்றைந்து ஒக்டோபர் மழையில்
இந்த விரல்கள் பார்த்துப் படித்த முடிச்சு.
வாசலில் நின்ற நிக்சன்
பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"உறுதிக்கு நான் இடம் அளக்கேல்லை."
கோபமா பகிடியா என்று தெரியவில்லை.
முடிச்சை அவிழ்க்கக் கனநேரம் எடுத்தது.
பல்லாலும் இழுக்க வேண்டியிருந்தது.

விடிய ஐந்தேகாலுக்கு
சீவியத்திலேயே முதல்முறையாக
அவசரமில்லாமல் ஒரு வீட்டைப் பூட்டினேன்.
பூட்டிவிட்டுத் திரும்பத் திறந்து
காஸை நிற்பாட்டினேனா என்று பார்த்தேன்.
நிற்பாட்டித்தான் இருந்தது.
இன்னொருமுறை பூட்டினேன்.

ஆனையிறவு தாண்ட வெயில் ஏறிவிட்டது.
டெற்றோல், கோப்பி, வேப்பிலை எல்லாம் தோற்றுப்போய்
பாரைக்குட்டி எழும்பி உட்கார்ந்தது.
பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக்கு நிறுத்த
எங்கிருந்தோ வந்த ஒற்றைக்கண் பூனை
பின்கதவுக்குக் கீழே குந்தி,
வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு,
நாங்கள் திறக்கும்வரை
நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தது.